பழைய இறக்கையில் புதிய விமானம்: எம்.டி.-11 திட்டம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அகன்ற உடல் கொண்ட பயணிகள் விமானத்தை அடிமுதல் புதிதாக வடிவமைப்பதா, கையில் இருக்கும் வடிவத்தையே நீட்டியும் திருத்தியும் போட்டியாளர்களை எதிர்கொள்வதா என்ற கேள்வி விமானத் தொழிலில் தலைமுறைக்கு ஒருமுறையாவது எழுகிறது. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்த ஒரு திட்டத்தைத் தொடக்கத்திலிருந்து உற்பத்தி நின்றது வரை இங்கே பதிவு செய்கிறேன். அமெரிக்காவின் மெக்டோனல் டக்ளஸ் நிறுவனம் தன் டி.சி.-10 விமானத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய எம்.டி.-11 தான் அது. திட்டத்தில் பங்கேற்ற தனிமனிதர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை. நிறுவனத் தலைமை, வடிவமைப்பாளர்கள், வாடிக்கையாளர்கள், விமானிகள் ஆகியோர் எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களுமே ஆய்வின் பொருள்.

எம்.டி.-11 தோல்வியுற்ற விமானம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அதன் பொறியியலில் துணிச்சலும் நுட்பமும் நிறைந்திருந்தன. ஆனால் 1986இல் இறக்கையின் அடிப்படை வடிவத்தை மாற்றுவதில்லை என்று எடுத்த ஒரே முடிவு, அடுத்து வந்த நல்ல முடிவுகள் எல்லாவற்றையும் தனக்கு ஈடுசெய்யும் வேலையில் அமர்த்திவிட்டது என்பதே இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவது.

பின்னணி

டி.சி.-10 முதன்முதலில் பறந்தது 1970 ஆகஸ்ட் 29ஆம் நாள். இரு இறக்கைகளின் கீழும் ஒவ்வோர் எஞ்சின், செங்குத்து வாலின் அடியில் மூன்றாவது எஞ்சின் என்ற அமைப்புடைய அந்த விமானம், ஏறத்தாழ அதே அளவும் அதே அமைப்பும் கொண்ட லாக்ஹீட் எல்-1011 விமானத்தோடு ஒரே சந்தையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டுக்கும் போதிய ஆர்டர்கள் கிடைக்கவில்லை. 1979 மே மாதம் சிகாகோவில் புறப்பட்ட ஒரு டி.சி.-10, இடது எஞ்சின் கழன்று விழுந்ததால் விபத்துக்குள்ளாகி 273 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்த வகை விமானங்களின் சான்றிதழையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. அதன்பின் விமான நிறுவனங்களிடமிருந்து வரும் ஆர்டர்கள் மெலிந்தன. அமெரிக்க விமானப்படை வாங்கிய 60 கே.சி.-10 எரிபொருள் நிரப்பும் விமானங்களே கலிபோர்னியாவின் லாங் பீச்சில் இருந்த உற்பத்தி வரிசையை 1980களின் இறுதிவரை உயிரோடு வைத்திருந்தன. மொத்தம் 446 விமானங்களோடு அந்த வரிசை முடிந்தது. லாக்ஹீட் நிறுவனமோ 250 விமானங்களைக் கட்டிய பின் 1984இல் பயணிகள் விமானத் தொழிலையே விட்டு வெளியேறியிருந்தது.

டி.சி.-10ஐ மேம்படுத்தும் யோசனைகள் 1970களின் இறுதியிலிருந்தே வந்துகொண்டிருந்தன. நீட்டிக்கப்பட்ட பல வடிவங்கள் தாளில் வரையப்பட்டன. 1981இல் ஒரு டி.சி.-10இன் இறக்கை நுனிகளில் செங்குத்தான சிறு சிறகுகளைப் பொருத்தி, நாசாவுடன் இணைந்து பறப்புச் சோதனையும் நடத்தப்பட்டது. எம்.டி.-100 என்ற பெயரில் முன்வைக்கப்பட்ட வடிவத்துக்கு வாங்குவோர் கிடைக்காததால் 1983 நவம்பரில் அதன் பணிகள் நிறுத்தப்பட்டன. அந்தக் காலத்துப் பொருளாதார மந்தத்தில் எந்த விமான நிறுவனமும் புதிய பெரிய விமானத்துக்குக் கையெழுத்திடத் தயாராக இல்லை.

சூழல் சீரானதும் போட்டியாளர்களும் அசையத் தொடங்கினர். ஒரே இறக்கையை இரண்டு எஞ்சின் ஏ330க்கும் நான்கு எஞ்சின் ஏ340க்கும் பொதுவாகப் பயன்படுத்தும் திட்டத்தை ஏர்பஸ் வகுத்துக்கொண்டிருந்தது. போயிங் தன் 767ஐவிடப் பெரிய விமானம் ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. லாங் பீச்சில் இருந்தவர்களின் கையில் இருந்த பெரிய நன்மை காலம் மட்டுமே. பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு விரைந்தால் ஏ340க்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே சந்தைக்கு வந்துவிடலாம் என்பது அவர்களது கணக்கு.

1986இல் எடுக்கப்பட்ட முடிவு

1986 டிசம்பர் 30ஆம் நாள் எம்.டி.-11 திட்டம் முறையாகத் தொடங்கப்பட்டது. பத்து விமான நிறுவனங்களும் இரண்டு குத்தகை நிறுவனங்களும் 52 உறுதி ஆர்டர்களையும் விரும்பினால் பின்னர் வாங்கிக்கொள்ளும் 40 விருப்ப உரிமைகளையும் அளித்திருந்தன. 300க்கு மேற்பட்ட விமானங்களை விற்கலாம் என்று நிறுவனம் மதிப்பிட்டது. 61,000 பவுண்டு, அதாவது சுமார் 27.7 டன் சுமையுடன் 7,000 கடல் மைல் தூரம் இடைநில்லாமல் பறக்கும் என்பதே வாடிக்கையாளர்களிடம் வைக்கப்பட்ட மைய வாக்குறுதி. ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் தூரமுள்ள அந்த எல்லையே ஆசியாவையும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஒரே தாவலில் இணைக்கும் வழித்தடங்களுக்கான நுழைவுச்சீட்டாக அன்று கருதப்பட்டது.

உடற்பகுதி டி.சி.-10-30ஐவிடச் சுமார் 5.7 மீட்டர் நீட்டப்பட்டது. மூன்று பேர் இயக்கிய காக்பிட்டுக்குப் பதிலாக, ஆறு திரைகளோடு இருவர் இயக்கும் காக்பிட் வடிவமைக்கப்பட்டது. எஞ்சின்கள் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை: ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சி.எஃப்.6-80சி2 அல்லது பிராட் அண்ட் விட்னியின் பி.டபிள்யூ.4000 வரிசை. புறப்படும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடை சுமார் 259 டன்னிலிருந்து 273 டன்னாக உயர்ந்தது. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் இறக்கையின் அடிப்படை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டது. நுனிச் சிறகுகள் சேர்க்கப்பட்டன, பின்விளிம்பின் வளைவு திருத்தப்பட்டது. அதற்கு மேல் எதுவும் செய்யப்படவில்லை.

இந்த முடிவுக்குக் காரணங்கள் இருந்தன. விமானத்தின் பாகங்களில் வடிவமைக்கவும் வார்ப்புக் கருவிகள் செய்யவும் அதிகச் செலவு பிடிப்பது இறக்கையே. லாங் பீச் வளாகத்தின் பொறியாளர்களையும் பணத்தையும் சி-17 இராணுவச் சரக்கு விமானத் திட்டம் ஏற்கெனவே ஈர்த்துக்கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் சிறிய பயணிகள் விமானமான எம்.டி.-80 வரிசைக்கோ ஆர்டர்கள் குவிந்து, உற்பத்தியைப் பெருக்கும் நெருக்கடி நிலவியது. புதிய இறக்கை என்றால் மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும், ஏ340ஐ முந்தும் நன்மையும் போய்விடும் என்று அஞ்சினார்கள். அன்றைய நிலையில் அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் 1985இலேயே இரண்டு எஞ்சின் விமானங்கள் கடல் மேல், இறங்கத்தக்க விமான நிலையத்திலிருந்து 120 நிமிடத் தொலைவு வரை செல்லலாம் என்ற அனுமதி அமெரிக்காவில் வழங்கப்பட்டிருந்தது, 1988இல் அது 180 நிமிடமாக நீண்டது. மூன்றாவது எஞ்சினுக்கு இருந்த சட்டப் பயன் குறைந்துகொண்டே வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறு இருக்க முடியாது. ஏர்பஸ் அந்த அறிகுறியை உள்வாங்கி, ஒரே இறக்கையில் இரண்டு எஞ்சின் விமானத்தையும் சேர்த்தே திட்டமிட்டது. லாங் பீச்சில் அப்படியொரு மாற்று வைக்கப்படவில்லை.

இறக்கையின் குறையை ஈடுசெய்த வடிவமைப்பு

எடை கூடியும் இறக்கை பெரிதாக வளராதபோது, ஒவ்வொரு சதுர மீட்டரும் முன்பைவிட அதிகம் தாங்க வேண்டியிருக்கும். எம்.டி.-11இன் இறக்கை அகலம் நுனிக்கு நுனி 51.7 மீட்டர். போட்டியாளரான ஏ340இன் அகலம் 60.3 மீட்டர். நீண்டு ஒடுங்கிய இறக்கை, உயர்த்துவிசையை உண்டாக்கும்போது எழும் இழுவிசையை, அதாவது விமானத்தைப் பின்னிழுக்கும் காற்றுத் தடையைக் குறைக்கும் என்பது விமான இயலின் அடிப்படை. ஆகவே இறக்கையில் கிடைக்காத சேமிப்பை வேறெங்கேனும் தேட வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர்கள் அதை வாலில் தேடினார்கள்.

சாதாரணமாகப் பெரிய விமானங்களில் கிடைவால் கீழ்நோக்கி அழுத்துகிறது. விமானத்தின் ஈர்ப்பு மையம் இறக்கையின் உயர்த்துவிசை மையத்துக்கு முன்னால் இருப்பதால், மூக்கு கவிழாமல் இருக்க வால் அழுத்தம் தேவை. அந்தக் கீழழுத்தத்தையும் இறக்கையே சேர்த்துச் சுமக்கிறது, அதற்கான எரிபொருளும் செலவாகிறது. ஈர்ப்பு மையத்தைப் பின்னோக்கி நகர்த்தினால் இந்தச் சுமை குறையும். எம்.டி.-11இல் கிடைவாலுக்குள் ஏறத்தாழ 2,000 அமெரிக்க காலன், அதாவது சுமார் 7,500 லிட்டர் எரிபொருள் தொட்டி வைக்கப்பட்டது. பறக்கும் உயரத்தை எட்டியதும் கணினியே எரிபொருளை வாலுக்கு அனுப்பி ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்குத் தள்ளும். அழுத்தத் தேவை குறைவதால் கிடைவாலையே டி.சி.-10இல் இருந்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு சிறியதாக அமைக்க முடிந்தது. எடையும் இழுவிசையும் சேர்ந்து குறைந்தன.

இதன் மறுபக்கம், மூக்கை மேலும் கீழும் ஆட்டும் அசைவுகளை இயல்பாகவே தணிக்கும் திறன் விமானத்தில் குறைந்தது என்பதாகும். அந்தக் குறையை நீள்வாட்டு நிலைப்பு உதவிக் கணினி அமைப்பு ஈடுசெய்யும்படி செய்யப்பட்டது. சொன்னபடி இயங்கும் வரை இது மிக நேர்த்தியான தீர்வு. பயண உயரத்தில் எரிபொருள் சேமிக்கும் கணக்கை மையமாக வைத்து எடுக்கப்பட்ட இம்முடிவு, ஓடுதளத்தில் சக்கரம் படும் கடைசிச் சில நொடிகளில் என்ன செய்யும் என்பது அப்போது அவ்வளவு முன்னிலைக்கு வரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கட்டுமானமும் கால தாமதமும்

இறக்கைகள் கனடாவின் டொராண்டோ அருகே உருவாகி லாங் பீச்சுக்கு வந்தன. உடற்பகுதியின் துண்டுகள் சான் டியேகோவிலிருந்து வந்தன. 1989 தொடக்கத்தில், தரமேம்பாட்டுச் சீரமைப்பு என்ற பெயரில் லாங் பீச் வளாகத்தில் ஆயிரக்கணக்கான மேலாளர், மேற்பார்வையாளர் பதவிகள் ஒரேயடியாக நீக்கப்பட்டு, எண்ணிக்கையில் குறைந்த புதிய பதவிகளுக்கு அவர்களே மீண்டும் விண்ணப்பிக்கும் நிலை ஏற்பட்டது. அதே மாதங்களில்தான் முதல் எம்.டி.-11கள் கட்டி முடிக்கப்பட வேண்டியிருந்தது. யார் எதற்குப் பொறுப்பு என்று தெளிவாக இல்லாத தொழிற்கூடத்தில் எடையைக் கட்டுக்குள் வைப்பது எளிதன்று. எடைக் கட்டுப்பாடு என்பது ஒவ்வொரு வரைபடத்தையும் ஒவ்வோர் ஆணியையும் தொடர்ந்து ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால் மட்டுமே நடக்கும் வேலை.

1989 மார்ச்சுக்குக் குறிக்கப்பட்டிருந்த முதல் பறப்பு 1990 ஜனவரி 10ஆம் நாள்தான் நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் அமெரிக்க ஆணையத்தின் சான்றிதழ் கிடைத்தது. டிசம்பர் 20ஆம் நாள் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து டெனெரிஃப் தீவுக்கு முதல் பயணிகள் சேவையை இயக்கியது. ஏ340 சேவைக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. தாமதம் ஏற்பட்டும் காலத்தின் நன்மை முழுமையாகப் போய்விடவில்லை.

சேவையில் தெரியவந்தது

பறப்புச் சோதனைகளிலேயே தெரிந்துவிட்ட குறை, சேவையில் உறுதியானது. வாக்களித்த முழுச் சுமையோடு விமானம் 6,493 கடல் மைல்தான் சென்றது. 7,000 கடல் மைல் செல்ல வேண்டுமென்றால் சுமையை 48,500 பவுண்டாக, அதாவது 22 டன்னாகக் குறைக்க வேண்டியிருந்தது. எஞ்சின்கள் சொன்னதைவிட அதிக எரிபொருள் குடித்தன, விமானம் திட்டமிட்டதைவிடக் கனத்தது, இழுவிசையும் கணித்ததைவிடக் கூடுதலாக இருந்தது. மூன்றும் தனித்தனியே சிறிய விழுக்காடுகளே. ஆனால் நெடுந்தூர விமானத்தில் அவை ஒன்றையொன்று பெருக்குகின்றன. கூடுதல் எடையைச் சுமக்கக் கூடுதல் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளின் எடையைச் சுமக்க மேலும் எரிபொருள் வேண்டும்.

தூரத்தில் இது ஏழு விழுக்காடு குறைவு. விமான நிறுவனத்தின் வருமானத்தில் அது எப்படித் தெரியும் என்று பார்ப்போம். பயணியையும் பெட்டியையும் சேர்த்து ஒருவருக்கு 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், இழந்த 5.7 டன் என்பது ஏறத்தாழ 60 பயணிகள். மூன்று வகுப்புகளில் முந்நூறு பேருக்குச் சற்றுக் குறைவாக அமரும் விமானத்தில் ஐந்தில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டுப் பறப்பதற்கு அது சமம். வழித்தடத்தின் இலாபம் முழுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி ஐந்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் சான் ஹோசே–டோக்கியோ வழித்தடத்தில் இதை நேரடியாக உணர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒரு விமானத்தைக்கூடப் பெறும் முன்பே, 20 விமானங்களுக்கான உடன்பாட்டை 1991 ஆகஸ்டில் கைவிட்டு ஏ340-300 பக்கம் திரும்பியது. அந்த நிறுவனத்தின் தேர்வுகளை மற்ற நிறுவனங்கள் உன்னிப்பாகக் கவனித்துவந்த காலம் அது. ஏ340 அப்போது இன்னும் பறக்கவே தொடங்கவில்லை, அதன் முதல் பறப்பு 1991 அக்டோபரில்தான் நடந்தது. சேவையில் இருக்கும் விமானத்தை விட்டுவிட்டுப் பறக்காத விமானத்தை ஒரு பெரிய வாடிக்கையாளர் நம்பினார் என்றால், சொன்ன எண் தவறியதன் பாதிப்பு எவ்வளவு ஆழமானது என்பதை அதிலிருந்தே அறியலாம்.

இரண்டாவது முடிவு: மேம்பாட்டுத் திட்டம்

நிறுவனம் குறையை மறைக்க முயலவில்லை என்பதை இங்கே மதிப்போடு குறிப்பிட வேண்டும். 1990லேயே இரண்டு எஞ்சின் நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எடை, எரிபொருள் கொள்ளளவு, எஞ்சின் செயல்திறன், காற்றியக்க வடிவம் ஆகிய நான்கு முனைகளிலும் வேலை நடந்தது. காற்றியக்க ஆய்வுகளில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் உடன் உழைத்தது. பெரிய மாற்றம் ஒன்றைச் செய்யாமல், சிறு சிறு திருத்தங்களைத் தொடர்ச்சியாக உற்பத்தி வரிசையில் புகுத்துவதே இத்திட்டத்தின் முறை. புறப்படும் உச்ச எடையும் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 286 டன் வரை சென்றது.

1995 வாக்கில் இழந்த தூரம் திரும்பக் கிடைத்தது. கீழ்த்தளச் சரக்கறையில் கூடுதலாக 3,000 காலன் எரிபொருள் தொட்டி வைத்த எம்.டி.-11ஈ.ஆர். என்ற வடிவம் 7,240 கடல் மைல் பறக்கக்கூடியதாக 1996இல் சேவைக்கு வந்தது. பொறியியல் அளவில் பார்த்தால் இது நிறைவான மீட்பு. ஐந்தே ஆண்டுகளில், இறக்கையைத் தொடாமல், வாக்களித்ததை எட்டியதோடு அதைத் தாண்டவும் செய்தார்கள்.

ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் சந்தை நகர்ந்துவிட்டிருந்தது. ஏ340 1993இலும், ஏ330 1994 தொடக்கத்திலும் சேவைக்கு வந்தன. 1995 ஜூனில் யுனைடெட் ஏர்லைன்ஸ் போயிங் 777ஐ இயக்கத் தொடங்கியது. இரண்டே எஞ்சின்களோடு, முதல் நாளிலிருந்தே 180 நிமிட அனுமதியோடு வந்த விமானம் அது. எம்.டி.-11 எட்டிப் பிடித்தது 1986இல் வரைந்த இலக்கை. 1996இல் அந்த இலக்குக்கு முன்பிருந்த மதிப்பு இல்லை. எம்.டி.-11ஈ.ஆர். மொத்தம் ஐந்து மட்டுமே கட்டப்பட்டது.

இறக்கையைத் தொடாமல் இனி முன்னேற முடியாது என்பதை நிறுவனமே இறுதியில் ஏற்றுக்கொண்டது. 1996 செப்டம்பரில் எம்.டி.-எக்ஸ்.எக்ஸ். என்ற பெயரில், ஏறக்குறைய 65 மீட்டர் அகலப் புதிய இறக்கையோடு ஒரு வடிவத்தை அறிவித்தார்கள். அடுத்த மாதமே இயக்குநர் குழு அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தது. டிசம்பரில் போயிங்குடன் இணையும் முடிவு வெளியானது. பத்தாண்டுகளுக்கு முன் செலவாகும் என்று தள்ளிவைத்த அதே இறக்கைக்குத்தான் அவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். அப்போது அதைக் கட்டும் வலு நிறுவனத்திடம் இருக்கவில்லை.

தரையிறக்கத்தில் வெளிப்பட்டது

தூரக் குறை வணிகத்தைப் பாதித்தது. இறக்கையும் வாலும் சேர்ந்து உண்டாக்கிய இன்னொரு விளைவு மெல்லத்தான் வெளியே தெரிந்தது. எடைக்கு ஏற்ற பரப்பில்லாத இறக்கையால் தரையிறங்கும் வேகம் இந்த வகை விமானங்களில் உயர்ந்ததாக இருந்தது. சிறிய கிடைவாலால் மூக்கின் அசைவு இலேசாகவும் விரைவாகவும் இருந்தது. சக்கரம் பட்டுத் துள்ளிய விமானத்தை விமானி மூக்கைக் கீழே அழுத்திச் சரிசெய்ய முயன்றால், அடுத்த மோதல் முந்தையதைவிடக் கடுமையாகும்.

1997 ஜூலையில் நியூவார்க்கில் ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் எம்.டி.-11 சரக்கு விமானம் துள்ளி விழுந்து, வலது இறக்கை முறிந்து, கவிழ்ந்து எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினர். 1999 ஆகஸ்டில் ஹாங்காங்கில் புயற்காற்றில் இறங்கிய சைனா ஏர்லைன்ஸ் பயணிகள் விமானம் அதேபோல் கவிழ்ந்ததில் மூன்று பேர் இறந்தனர். 2009 மார்ச்சில் டோக்கியோவின் நாரிதாவில் ஃபெடெக்ஸ் விமானம் ஒன்று துள்ளி விழுந்து இடது இறக்கை முறிந்து எரிந்ததில் இரு விமானிகளும் உயிரிழந்தனர். 2010 ஜூலையில் ரியாதில் லுஃப்தான்சா கார்கோவின் விமானம் இதே முறையில் அழிந்தது, விமானிகள் காயங்களோடு தப்பினர்.

விசாரணைகள் விமானிகளின் கையாளுகையையே முதன்மைக் காரணமாகக் கூறின. அது உண்மையே. ஆயினும் நாரிதா விசாரணை இன்னொன்றையும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மேல்நோக்கிய அதீத விசையில் சக்கரக் கால் இறக்கையிலிருந்து தனியே பிரிந்து வரவில்லை, அந்த விசை முழுவதும் இறக்கைச் சட்டத்துக்குப் போய் அதை முறித்தது. இறக்கைக்குள்தான் எரிபொருள் இருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே விதமாக நான்கு விமானங்கள் அழிந்த பின், அதை நான்கு தனித்தனி மனிதப் பிழைகளாக மட்டும் பார்ப்பது நேர்மையாகாது என்பது என் திடமான கருத்து. நிலைப்பு உதவிக் கணினியின் மென்பொருள் திருத்தப்பட்டது. துள்ளலுக்குப் பின் தரையிறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் எழும்ப வேண்டும் என்ற பயிற்சி வலியுறுத்தப்பட்டது. வாலின் அளவை மட்டும் யாரும் மாற்ற முடியாது.

முடிவு

1997 ஆகஸ்டில் இணைப்பு நிறைவேறியபோது போயிங்கின் கையில் 777 இருந்தது. அதே இடத்தை நிரப்பும் மூன்று எஞ்சின் விமானத்தைத் தொடர்ந்து விற்பதற்குக் காரணம் இருக்கவில்லை. சில காலம் சரக்கு வடிவத்தை மட்டும் தொடர்வதாக அறிவித்த போயிங், 1998இல் கையில் இருக்கும் ஆர்டர்களோடு உற்பத்தியை முடித்துக்கொள்வதாகக் கூறியது. 2001 தொடக்கத்தில் லுஃப்தான்சா கார்கோவுக்கு ஒப்படைக்கப்பட்ட விமானங்களோடு எம்.டி.-11 வரிசை நின்றது. மொத்தம் கட்டப்பட்டவை 200. மதிப்பிட்டதில் அது மூன்றில் இரண்டு பங்குதான்.

பயணிகள் சேவையிலிருந்து அவை விரைவாகவே விலகின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானங்களை 1990களின் நடுவிலிருந்தே ஃபெடெக்ஸுக்கு விற்கத் தொடங்கியது. கடைசிப் பயணிகள் சேவையை கே.எல்.எம். நிறுவனம் 2014 அக்டோபர் 26ஆம் நாள் மாண்ட்ரியலிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு இயக்கியது. சரக்குப் போக்குவரத்தில்தான் இந்த விமானத்துக்கு உண்மையான வாழ்வு அமைந்தது. அகன்ற உடலும் பெரும் சுமைத் திறனும் அங்கே பயன்பட்டன. 7,000 கடல் மைல் தேவைப்படாத வழித்தடங்களில் தூரக் குறை யாரையும் உறுத்தவில்லை. வாக்குறுதி வேறாக இருந்திருந்தால் இதே விமானத்தின் பெயரும் வேறாக இருந்திருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

எவை மாற்றப்பட்டிருக்க வேண்டும்

முதலாவது இறக்கை. பழைய வடிவத்தை மேம்படுத்துவதே தவறு என்ற முடிவுக்கு இந்த நிகழ்வு இட்டுச்செல்லவில்லை. 2004இல் சேவைக்கு வந்த போயிங் 777-300ஈ.ஆர். ஏற்கெனவே இருந்த விமானத்தின் மேம்பட்ட வடிவமே. ஆனால் அதில் இறக்கை அகலம் 60.9 மீட்டரிலிருந்து 64.8 மீட்டராக நீட்டப்பட்டது, அதற்கென்றே தனி எஞ்சினும் உருவாக்கப்பட்டது. எண்ணூறுக்கு மேற்பட்ட விமானங்கள் ஒப்படைக்கப்பட்டன. அதன் நேரடிப் போட்டியாளரான ஏ340-600 நூறைக்கூட எட்டவில்லை. ஏர்பஸ் 2014இல் ஏ330ஐப் புதுப்பித்தபோதும் எஞ்சினோடு நிற்காமல் இறக்கையை 64 மீட்டராக நீட்டியது. எம்.டி.-11இல் முழுமையான புதிய இறக்கைக்கு வழியில்லாவிட்டாலும், பழைய இறக்கைப் பெட்டியின், அதாவது இறக்கையின் சுமைதாங்கும் உட்சட்டத்தின் நுனிகளை நீட்டிப் பரப்பைக் கூட்டும் நடுவழி ஒன்று 1986இல் தீவிரமாக எடைபோடப்பட்டிருக்க வேண்டும். ஓராண்டு தாமதம் ஏற்பட்டிருந்தாலும் ஏ340க்கு முன்பே வந்திருக்க முடியும். நடந்த தாமதமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

இரண்டாவது வாக்குறுதி. எஞ்சின், எடை, இழுவிசை மூன்றிலும் எல்லாம் சரியாக அமைந்தால் மட்டுமே எட்டக்கூடிய எண்ணை ஒப்பந்தத்தின் மையத்தில் வைத்தார்கள். முழுச் சுமையில் 6,500 கடல் மைல் என்று சொல்லி விற்றிருந்தால் ஆர்டர்கள் குறைந்திருக்கலாம், பசிபிக் கடக்கும் நிறுவனங்கள் சில ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அட்லாண்டிக் வழித்தடங்களுக்கும் சரக்குக்கும் வாங்கியவர்கள் நிறைவடைந்திருப்பார்கள், மேம்பாட்டுத் திட்டத்தில் கிடைத்த ஒவ்வொரு மைலும் கடனை அடைப்பதாக இல்லாமல் விற்பனைக்கான புதிய காரணமாக ஆகியிருக்கும். புதுப்பித்த ஏ330ஐ ஏர்பஸ் அப்படித்தான் முன்வைத்தது. அதை போயிங் 787ஐ எல்லா வகையிலும் வெல்லும் விமானம் என்று கூறாமல், குறைந்த விலையில் நடுத்தரத் தொலைவுகளுக்கு ஏற்றது என்றே விற்றது. அந்தத் திட்டத்திலும் எஞ்சின் தாமதம் ஏற்பட்டு, 2018 நவம்பரில்தான் முதல் விமானம் போர்ச்சுகலின் டாப் நிறுவனத்தைச் சேர்ந்தது. என்றாலும் அந்தத் தாமதம் திட்டத்தைக் குலைக்கவில்லை.

மூன்றாவது வால். கிடைவாலைச் சுருக்கும் முடிவு பயண உயரத்தின் எரிபொருள் கணக்கால் தீர்மானிக்கப்பட்டது. அந்த விமானங்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சரக்கு விமானங்களாக, இரவு நேரங்களில், பயணிகள் விமானத்தைவிடக் கனமான தரையிறங்கும் எடையோடு, காற்று வீசும் ஓடுதளங்களில் கழிக்கப்போகின்றன என்பது 1986இல் ஓரளவேனும் ஊகிக்கக்கூடியதே. தொடக்க வாடிக்கையாளர்களிலேயே ஃபெடெக்ஸ் இருந்தது. ஆகவே உச்சத் தரையிறங்கும் எடையில் இரண்டாவது துள்ளலுக்குப் பின் விமானம் எப்படி நடந்துகொள்கிறது, அப்போது சக்கரக் காலின் விசை எங்கே போகிறது என்ற இரண்டையும் வாலின் அளவு உறுதியாவதற்கு முன்பே கணக்கிட்டும் ஒப்புருவாக்கியில் விமானிகளைக் கொண்டு சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சோதனையில் கணினி உதவி இல்லாத நிலையும், சராசரி அனுபவமுள்ள விமானியும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.